பாடம் தெரியாதவன் வேண்டும்

டீச்சரம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல்களை மடக்கி, விரித்து, நெஞ்சைத் தொட்டு, காற்றில் ஒரு வட்டம் போட்டு முடித்தார். பார்க்க அழகாக இருந்தது. எதிரே நின்ற பழனிவேல் மரியாதையாகத் தலையாட்டினான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். இந்த அம்மா எதற்குக் கொசு விரட்டுகிறார் என்பதுதான் அந்தப் பார்வை.

அடுத்து அவன் ஆரம்பித்தான். காற்றில் ஊதுபத்தி கொளுத்தினான். சட்டியைச் சுரண்டினான். டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“சார், தம்பி சாமி கும்பிடணும்கறானா? இல்ல, பசிக்குதுங்கறானா?”

அன்று எங்கள் வெல்டர் பிரிவுக்கு இறுதித் தேர்வு. இரும்பை ஒட்டிக் காட்டும் பகுதி முடிந்துவிட்டது. கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வாய்மொழித் தேர்வுதான் பாக்கி. பழனிவேலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அதனால் திருச்சியில் காது கேளாதோர் பள்ளியில் வேலை பார்த்த இந்த அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தேன். கேள்வியை இவர் கையால் கேட்பார், அவன் கையால் பதில் சொல்வான், இவர் அதை வாயால் சொல்லுவார் என்பது ஏற்பாடு.

நாற்காலிகளை எண்ணி வைத்திருந்தேன். டீ டம்ளர்களை எண்ணி வைத்திருந்தேன். டீச்சரம்மா திரும்பிப் போக அரியலூரிலிருந்து திருச்சிக்கு எத்தனை பஸ் என்றுகூடக் கேட்டு வைத்திருந்தேன். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே பாஷைதானா என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஏழுதான், எட்டு இல்லை

இடையே ஒரு திருத்தம். எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் வெல்டிங் கூடத்தில் எட்டுத் தடுப்பறைகள் என்று சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதிவிட்டேன். அச்சில் பார்த்ததும் மறுபடி விரல்விட்டு எண்ணினேன். ஏழுதான். எட்டாவது, துடைப்பமும் கால் உடைந்த ஸ்டூலும் கிடந்த இடம். அதற்குள் வெல்டிங் செய்ததாக யாருக்காவது நினைவிருந்தால் தயவுசெய்து எழுதிப் போடாதீர்கள். தூக்கம் போய்விடும்.

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு மாவட்டமா, இரண்டு மாவட்டமா என்று அரசாங்கமே பிரித்தும் சேர்த்தும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் நிலையத்துப் பெயர்ப்பலகையில் மாவட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தடித்துக்கொண்டே போனது.

அந்த நாளில்தான் பழனிவேலின் அம்மா திருமானூர்ப் பக்கத்திலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சேர்க்கைக்கு வருகிறவர்கள் வழக்கமாக விடுதி உண்டா, சாப்பாடு எப்படி என்று கேட்பார்கள். இந்த அம்மா வெல்டிங் கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

“சுத்தியும் செவுரு இருக்குதுல்ல சார்? அது போதுங்க. இவங்கப்பா கரும்பு வெட்டப் போறாரு. இவனும் கூடப் போனான். பின்னாடி டிராக்டர் வர்றது இவனுக்குக் கேக்கல. எட்டி ஒருத்தரு சட்டையப் புடிச்சு இழுத்தாரு, தப்பிச்சான். எப்பவும் ஒருத்தரு இருப்பாங்களா?”

சிமெண்ட் ஆலை ஒன்றின் வாசலுக்கும் அவர் போய் வந்திருந்தார். தொழில் சர்டிபிகேட்டோடு வந்தால் பயிற்சி வேலைக்குப் பார்க்கலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

“அந்தக் காயிதத்த மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க சார். இல்லாட்டி அவங்கப்பா மறுபடி கரும்புக்கு இழுத்துட்டுப் போயிடுவாரு.”

வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும். பழனிவேல் எட்டு முடித்திருந்தான். எட்டு வருஷமும் கரும்பலகையைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியது என்னவென்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

வடை சத்தம்

வெல்டிங் சொல்லிக்கொடுப்பவன் பிழைப்பு ஒரு சத்தத்தில் இருக்கிறது. ராடு என்கிற ஒட்டுக்கம்பியின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே பொறி சீராக எரிந்தால் எண்ணெய்ச் சட்டியில் வடை வேகும் சத்தம் வரும். கை நடுங்கினால் அந்தச் சத்தம் உடையும். வருஷக்கணக்காக நான் அந்த வடையை வைத்தே காலம் தள்ளியவன்.

பழனிவேல் வந்த முதல் வாரம் அவன் முன்னால் நின்று, “வடை சத்தம் வரணும்” என்று உரக்கச் சொன்னேன். அவன் சிரித்தான். இன்னும் உரக்கச் சொன்னேன். காது கேட்காதவரிடம் ஏன் உரக்கப் பேசுகிறோம் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் நல்லது. நான் மூன்று தடவை கத்தினேன்.

“சார், கொஞ்சம் தள்ளுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தமிழ்ச்செல்வன். பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம் அவன் அப்பாவுக்கு டிபன் கடை. வகுப்பில் பதினாறு பேர், மதிப்பெண்ணில் பதினாறாவது அவன். பதினேழு பேர் இருந்திருந்தால் பதினேழாவதாக இருந்திருப்பான்.

அவன் குந்தி உட்கார்ந்தான். இல்லாத தோசைக்கல்லில் இல்லாத மாவை ஊற்றினான். கரண்டியைக் கல்லோடு ஒட்டி வைத்து இழுத்தால் மாவு சீராகப் பரவுகிறது. கரண்டியை உயரத் தூக்கினால் மாவு சிதறி முகத்தில் தெறிக்கிறது. அதைத் துடைத்துக்கொள்வதுபோல் தமிழ்ச்செல்வன் முகத்தைச் சுளித்தான். பழனிவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ராடைக் கையில் எடுத்தான். அன்று மதியம் அவன் போட்ட கோடு கோணலாக இருந்தது. ஆனால் தெறிக்கவில்லை.

அதன் பிறகு நான் வாயால் பாடம் நடத்துவேன், தமிழ்ச்செல்வன் பக்கத்தில் நின்று கையால் நடத்துவான். கடையில் வளர்ந்தவன் என்பதால் எல்லாம் அடுப்படிச் சைகைதான். ராடு என்றால் ஊதுபத்தி. வெல்டின் மேல் படியும் கசடு என்றால் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டுவது. வெல்டில் விழும் சிறு ஓட்டைகளுக்கு ஆப்பம். ஒரு மாதத்தில் வகுப்பு மொத்தமும் அந்தப் பாஷை பேசியது. முகமூடி போட்டு வேலை செய்கிறவனைக் கூப்பிட மேசைக் காலை உதைப்பது என்றும் வழக்கமானது. அதற்கு முன்பு ஒருவரை ஒருவர் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காது கேட்கிறவர்களுக்கும் அது லாபம்தான்.

எனக்கும் ஒரு சைகை உண்டு. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவது. நான் வருகிறேன் என்று எச்சரிக்க அதைக் காட்டுவார்கள். குறை சொல்ல முடியவில்லை.

ஒரே ஒரு விசித்திரம். இத்தனை பாடத்தையும் கையால் நடத்திய தமிழ்ச்செல்வன் மண்டைக்குள் அதில் ஒரு வரிகூடத் தங்கவில்லை. காதில் வாங்கிக் கையில் விட்டுவிடுவான். தபால்காரர் அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிறாரா என்ன?

நாங்களே உண்டாக்கிய பாஷை என்பதைக் கொஞ்ச நாளில் மறந்தும் போனோம். உலகத்தில் காது கேளாத எல்லாரும் வெல்டிங் ராடுக்கு ஊதுபத்திதான் காட்டுவார்கள் என்று சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தோம்.

எக்ஸ்டர்னல்

டீச்சரம்மாதான் அன்று எங்களுக்குப் புரியவைத்தார்.

“சைகைன்னா எல்லாம் ஒண்ணு இல்ல சார். ஸ்கூலுக்கு வந்த புள்ளைங்க ஸ்கூல் பாஷை பேசும். வூட்டோட வளர்ந்தது வூட்டு பாஷை பேசும். உங்க புள்ள உங்க பட்டறை பாஷை பேசுது. எனக்கு அது தெரியாது.”

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரை நாங்கள் எக்ஸ்டர்னல் என்போம். ஒல்லியான, உயரமான மனிதர். காலரில் வியர்வைக்குக் கைக்குட்டை செருகியிருப்பார். கெட்டவர் இல்லை. விதியை மட்டும் வெற்றிலைபோல் மடித்து வாயில் அடக்கி வைத்திருப்பார்.

வாய்மொழியில் பூஜ்யம் விழுந்தால் பழனிவேல் தேறமாட்டான். இதை நான் முந்திய நாளே நான்கு விதமாகக் கூட்டிப் பார்த்துவிட்டேன். நான்கு விதத்திலும் தேறவில்லை.

“எழுதி வாங்கிக்குங்க சார்” என்றேன்.

எக்ஸ்டர்னல் ஒரு தாளில் கேள்வியை எழுதி நீட்டினார். பழனிவேல் பேனாவை வாங்கி, கேள்விக்குக் கீழே அதே கேள்வியை எழுதிக் கொடுத்தான். எக்ஸ்டர்னலின் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. 

“நானே கேட்டுச் சொல்றேன். எனக்குச் சைகை தெரியும்” என்றேன்.

“நீங்க சொல்லிக் குடுத்தவரு. உங்களுக்குப் பதில் தெரியும். ஒத்துக்க முடியாது.”

“அப்ப வகுப்புல ஒரு பையன்?”

“அவங்களும் படிச்சவங்கதானே? கேள்விய கேக்கற சாக்குல பதில ஓதிடுவாங்க.” கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சார், வாய்மொழித் தேர்வுன்னா பதில் வாயால வரணும். யாரு வாயாலன்னு எதுலயும் போடல. அதுவரைக்கும் நான் இறங்கி வரேன். ஆனா, அந்த வாய்க்குச் சொந்தக்காரனுக்குச் சைகை தெரிஞ்சிருக்கணும், பாடம் தெரியக்கூடாது. அப்படி ஒருத்தன் உலகத்துல இருந்தா கூட்டிட்டு வாங்க.”

அறையின் ஓரத்தில் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பதினான்கு தலைகள் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் திரும்பின.

“ஏன்டா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?” என்றான் தமிழ்ச்செல்வன்.

தகுதித் தேர்வு

எக்ஸ்டர்னல் அவனை உட்கார வைத்தார். பாடம் தெரியாது என்பதை அவரே உறுதி செய்துகொள்ள வேண்டுமாம்.

“ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி வேணும்?”

“தேவையான அளவு சார்.”

“எவ்வளவு தேவை?”

“அது வேலையப் பொறுத்து சார்.”

“ராடு மேல ஒரு பூச்சு இருக்கே, எதுக்கு?”

தமிழ்ச்செல்வன் யோசித்தான். “துருப் புடிக்காம இருக்க?”

“கேள்வி நான் கேக்கறேன்.”

“பாக்கறதுக்கு நல்லா இருக்க?”

எக்ஸ்டர்னல் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது. “ரொம்ப நல்லது தம்பி. உனக்கு ஒண்ணும் தெரியல. இப்படி வந்து உக்காரு.”

என் வேலையை இவ்வளவு கேவலமாக யாரும் பாராட்டியதில்லை.

டீச்சரம்மா தன் நாற்காலியை இரண்டு பையன்களுக்கும் நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டார். “பாஷை புரியாட்டியும் கை புரியும் சார். கேள்வியோட பதிலயும் சேத்து நுழைக்கறானான்னு நான் பாத்துக்கறேன்.”

“அவனுக்குத் தெரிஞ்சாத்தானே டீச்சர் நுழைப்பான்” என்றது ஓரத்தில் ஒரு குரல்.

தமிழ்ச்செல்வன் அந்தப் பக்கம் பார்த்து ஒரு சைகை காட்டினான். அது அடுப்படிச் சைகை இல்லை.

சட்டிக்கு மூடி

முதல் கேள்வி, அதே இடைவெளி. தமிழ்ச்செல்வன் ஊதுபத்தியைக் காட்டி, கீழே இரும்பைக் காட்டி, நடுவே விரலைச் சுழற்றி, எவ்வளவு என்று புருவத்தைத் தூக்கினான்.

பழனிவேல் ஊதுபத்தியின் மேல்பூச்சை நகத்தால் உரித்தான். உள்ளே இருக்கும் குச்சியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அளந்தான். அந்த இடைவெளி மாறாமல் விரல்களை அப்படியே கொண்டுபோய் நுனிக்குக் கீழே வைத்தான்.

“சார், மேல பூச்சு இல்லாம, உள்ள இருக்கற கம்பி எவ்வளவு தடிமனோ, அவ்வளவு இடைவெளின்னு சொல்றான்” என்ற தமிழ்ச்செல்வன், பழனிவேல் பக்கம் திரும்பி, “அப்படியாடா?” என்றான். வாயால்தான் கேட்டான்.

அடுத்தது, பூச்சு எதற்கு. பழனிவேல் அடுப்பில் ஒரு சட்டி வைத்தான். மேலே ஒரு மூடி போட்டான். ஈ ஓட்டினான். ஈ இல்லை என்று தலையாட்டிவிட்டு வாயைக் குவித்து ஊதினான். ஊதுபத்திப் புகையைச் சட்டிமேல் மூடியாகப் பரப்பி, மூடியைத் திறந்தால் ஆப்பம் என்று காட்டினான்.

“கொழம்புச் சட்டிய மூடி வைக்கறோம்ல சார், அந்த மாதிரி. ஈ வரக்கூடாது... ஈ இல்லையாம். காத்து. பூச்சு எரிஞ்சு புகையாகி மூடிக்குதாம். உருகின இரும்புல காத்து படக்கூடாதாம். பட்டா ஆப்பம் ஆயிடும்.”

“ஆப்பமா?”

“ஓட்டை விழுந்துடும் சார்.”

நல்ல வெல்டைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். பழனிவேல் கொள்ளிடக் கரையில் வளர்ந்தவன். இடது கையை ஒரு மீனாக நீட்டி, வலது கையால் அதன் முதுகைத் தலையிலிருந்து வால்வரை ஒரே சீராகத் தடவினான்.

“கெண்டை மீன் செதில் மாதிரிங்கறான் சார். ஒண்ணு மேல ஒண்ணா, ஒரே அளவா.”

எக்ஸ்டர்னல் தன்னையறியாமல் தன் புறங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் மனதுக்குள் மதிப்பெண்களைக் கூட்டினேன். இன்னும் ஒரு கேள்வி தேறினால் போதும்.

அவர் பேனாவை மூடினார். “ஆலைக்குப் போகப் போறான். அங்க ஆபத்து மணி அடிச்சா இவன் என்ன செய்வான்? கேளு.”

தமிழ்ச்செல்வன் கேட்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“சார், இது பாடத்துல இல்ல சார்.”

ஒரு வருஷத்தில் பாடத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று அவன் கவலைப்பட்டது அன்றுதான்.

“இல்லதான். ஆனா நாளைக்கு இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பாஸ் போட்டவன் எவன்னு கேப்பாங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

 சுவரைத் தொட்டுப் பார்த்த அந்த அம்மாவின் கேள்வியும் இதுதான். 

தமிழ்ச்செல்வன் மெதுவாகக் கேட்டான். பழனிவேல் யோசிக்கவே இல்லை. இரண்டு விரல்களை ஓடவிட்டான். பிறகு பத்து விரல்களையும் ஓடவிட்டான். கடைசியில் தன் கண்ணைத் தொட்டான்.

“மணி அடிச்சா முதல்ல ஒருத்தன் ஓடுவானாம் சார். மத்தவங்க மணியக் கேட்டு ஓடறதில்லையாம், அவனப் பாத்துதான் ஓடறாங்களாம். நானும் பாத்துட்டு ஓடுவேன்கறான்.”

ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எக்ஸ்டர்னல் சிரிக்கவில்லை.

“முகமூடி போட்டிருந்தா? எதப் பாப்பான்?”

இந்தத் தடவை பழனிவேல் கையைத் தூக்கவில்லை. காலைத் தூக்கி, எக்ஸ்டர்னலின் மேசைக் காலை ஓங்கி ஓர் உதை விட்டான். டீ டம்ளர்கள் குதித்தன. எக்ஸ்டர்னல் நாற்காலியோடு பின்னால் போனார். மீதியைப் பழனிவேல் கையால் சொன்னான்.

“பக்கத்துல இருக்கறவன் இப்படி உதைக்கணுமாம் சார்” என்றான் தமிழ்ச்செல்வன். “போன எடத்துல முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துடுவானாம். இங்க எங்களுக்குப் பழக்கின மாதிரி.”

சிந்திய டீயை எக்ஸ்டர்னல் காலர் கைக்குட்டையால் துடைத்தார். பேனாவைத் திறந்து எதையோ குறித்தார். எண்ணைப் பார்க்க நான் கழுத்தை நீட்டினேன். அவர் இடது கையால் மறைத்துக்கொண்டார்.

பதினாறாவது ஆள்

கடைசியாகத் தமிழ்ச்செல்வனின் முறை. எக்ஸ்டர்னல் களைத்திருந்தார். ஒரு குறும்போடு அதே பழைய கேள்வியைக் கேட்டார்.

“எவ்வளவு இடைவெளி?”

தமிழ்ச்செல்வன் வாயைத் திறந்தான்.  அதற்குள் அவன் கை தானாக எழுந்தது. ஊதுபத்தியின் பூச்சை உரித்து, குச்சியை அளந்து, நுனிக்குக் கீழே கொண்டு வைத்தது. தன் விரல்களையே பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “உள்ள இருக்கற கம்பி எவ்வளவு தடிமனோ, அவ்வளவு சார்.”

“பூச்சு?”

கை சட்டியை மூடியது. “காத்து படாம இருக்க சார்.”

“காலைல தெரியாதுன்னியே?”

“காலைல தெரியாது சார். இப்பத்தான் அவன் சொன்னான்.”

எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்தார். நான் டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக என் பாடம் இவன் வழியாகப் போயிருக்கிறது. வாயால் திருப்பிச் சொல்ல வேண்டி வந்தபோதுதான் உள்ளே தங்கியிருக்கிறது. எனக்கு அப்போது தோன்றியது அதில்லை. முதல் நாளிலிருந்தே இரண்டு பேரையும் இடம் மாற்றி, இவனை அவனிடம் பாடம் கேட்க வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

வாயைத் திறக்காமல்

சாயங்காலம் டீச்சரம்மாவையும் எக்ஸ்டர்னலையும் கேட் வரை கொண்டுவிடப் போனேன். பையன்கள் இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். டீச்சரம்மா ஆப்பத்தையும் ஊதுபத்தியையும் கையால் போட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“சார், பழனிவேல்...” என்று இழுத்தேன்.

“ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது” என்றார் எக்ஸ்டர்னல். “உங்ககிட்டயும் சரி, யாருகிட்டயும் சரி, நான் வாயத் திறக்கக் கூடாது.”

“இல்ல சார், அவங்கம்மா...”

“வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்ல?”

பையைக் கீழே வைத்தார். பழனிவேலைப் பார்த்தார். இடது கையை நீட்டி, வலது கையால் அதன் முதுகைத் தலையிலிருந்து வால்வரை, ஒரே சீராக, ஒரு தடவை தடவினார்.

பிறகு தமிழ்ச்செல்வன் பக்கம் திரும்பினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கம்பி நுழையும் அளவு இடைவெளி காட்டினார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

“சார், என்ன சார் சொன்னாரு?” என்றான் தமிழ்ச்செல்வன்.

“அவரு ஒண்ணும் சொல்லலடா. வாயே திறக்கல.”

திரும்பிப் பார்த்தால் பழனிவேல் அங்கே இல்லை. ரோட்டைத் தாண்டி, புறப்பட்டுவிட்ட திருமானூர் பஸ்ஸின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். பஸ்ஸை எட்டியதும் அதன் தகரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். பஸ் நின்றது.

ரிசல்ட் காகிதம் வரப் பல மாதங்கள் ஆயிற்று. அதுவரை நான் அந்த மதிப்பெண்களை எத்தனை விதமாகக் கூட்டினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். திருமானூர்ப் பக்கத்து வீட்டில் யாரும் எதையும் கூட்டவில்லை. அங்கே அன்று ராத்திரியே மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டார்கள்.